துணி பூட்ஸ் வாங்கலாமா? மலை நடைக்குக் கிளம்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலைக்குப் போவது என்று முடிவானதும் முதலில் வரும் போன், "அண்ணே, என்ன ஷூ வாங்கட்டும்?" என்பதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருபது வருஷமாக நடக்கிறேன், அதில் பாதி வருஷம் தப்பான ஷூவோடு. அந்தத் தகுதியில்தான் இந்தப் பதில்கள். நம் ஊர் மலையை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்: வெயில், வியர்வை, சொல்லாமல் வரும் மழை, பாசி பிடித்த பாறை, அட்டை. குளிர் நாட்டுக்காரர்கள் எழுதும் ஷூ ஆலோசனையில் பாதி இங்கே செல்லாது.

துணி பூட்ஸ் என்றால் பள்ளிக்கூட கேன்வாஸ் ஷூ மாதிரியா?

இல்லை. மேல்பாகம் நைலான் அல்லது பாலியஸ்டர் நெசவு. கல் உரசுகிற இடங்களில், அதாவது விரல் முனை, குதிகாலைச் சுற்றி, லேஸ் ஓட்டைகளின் வரிசை ஆகிய இடங்களில், ஸ்வேட் தோலோ ரப்பரோ வைத்துத் தைத்திருப்பார்கள். அடியில் ஈ.வி.ஏ. என்கிற நுரை அடுக்கு. அதற்கும் கீழே பல் வைத்த ரப்பர் சோல். ஓட்டப்பந்தய ஷூ செய்கிற முறையை மலை பூட்ஸுக்குக் கொண்டுவந்தால் என்ன என்று 1980களின் தொடக்கத்தில் யோசித்ததன் விளைவு இது. பிரிட்டனில் காரிமோர் நிறுவனத்தின் கே.எஸ்.பி. பூட்ஸ் அந்தக் காலத்தில் பெரிய பெயர் எடுத்தது. அதுவரை மலை பூட்ஸ் என்றால் தடித்த தோல்தான்.

அட்டைப்பெட்டியில் "1000 டெனியர்" என்று போட்டிருந்தால் குழம்ப வேண்டாம். அந்த நூலை 9000 மீட்டர் நீட்டி எடை போட்டால் 1000 கிராம் இருக்கும் என்று அர்த்தம். எண் கூடினால் நூல் தடிமன், உழைப்பும் கூடும்.

துணியிலும் இரண்டு வகை உண்டு. கண் தெரியாத நெருக்கமான நெசவு ஒன்று, கொசுவலை மாதிரி ஓட்டை தெரியும் மெஷ் இன்னொன்று. மெஷ் சுகமாகக் காற்று விடும். ஆனால் மணல், புல் விதை, பொடி அட்டை எல்லாவற்றுக்கும் அதே சுகம்தான். நம் காட்டுக்கு நெருக்கமான நெசவையே வாங்குங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் மெஷ் இருந்தால் பரவாயில்லை.

எடை முந்நூறு நானூறு கிராம் கூடினால் என்ன? பையில் பத்து கிலோ தூக்குகிறோமே?

முதுகில் தூக்குவதும் காலில் தூக்குவதும் ஒன்றில்லை. 1969ல் அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் ஆட்களின் தலையிலும் கையிலும் காலிலும் எடை வைத்து நடக்கவிட்டு, செலவாகும் சக்தியை அளந்தார்கள். அதே எடை உடம்போடு இருப்பதைவிட, காலில் இருக்கும்போது நடை வேகத்தைப் பொறுத்து நான்கு முதல் ஆறு மடங்கு சக்தி கேட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மலையில் 15 கிலோமீட்டர் நடந்தால் இருபதாயிரத்துக்கு மேல் அடி வைப்பீர்கள். ஒரு காலுக்குப் பத்தாயிரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பூட்ஸில் 300 கிராம் கூடினால், அந்த ஒரு கால் சாயங்காலத்துக்குள் மூன்று டன் அதிகமாகத் தூக்கி இறக்கியிருக்கும். எட்டாம் நம்பர் துணி பூட்ஸ் ஜோடி பெரும்பாலும் 900 கிராமிலிருந்து 1.1 கிலோவுக்குள் இருக்கும். முழுத் தோல் பூட்ஸ் ஒன்றரை கிலோவைத் தாண்டும். பையிலிருந்து ஒரு டிபன் பாக்ஸைக் குறைக்க ராத்திரி முழுக்க யோசிக்கிறவர்கள், காலில் இருக்கும் அரைக் கிலோவைக் கண்டுகொள்வதில்லை.

ஆனால் தோல்தானே உழைக்கும்?

உழைக்கும், சந்தேகமே இல்லை. வேர்க்கடலை அளவு கூர்கல் கிடக்கிற பாறைச்சரிவு, இருபது கிலோ பை, பத்து நாள் நடை என்றால் நானும் தோலுக்குத்தான் போவேன். ஆனால் தோலுக்கு வேலை இருக்கிறது: பாலிஷ், மெழுகு, பழக்கும் காலம். நம் ஊரில் மழைக்காலம் முடிந்து அலமாரியைத் திறந்தால், பூட்ஸ் மேல் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருக்கும். ஒருமுறை முழுசாக ஊறிய தோல் பூட்ஸ் டிசம்பர் மாத நீலகிரியில் மூன்று நாளானாலும் காயாது. சனி, ஞாயிறு நடைக்கு அந்தப் பாடு வேண்டாம்.

வாட்டர்ப்ரூஃப் இருந்தால்தானே நல்லது? கடைக்காரர் அதைத்தான் எடுக்கச் சொல்கிறார்.

எனக்கும் கடைக்காரர்களுக்கும் ஒத்துப்போகாத இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

வாட்டர்ப்ரூஃப் துணி பூட்ஸில், மேல் துணிக்கும் உள் லைனிங்குக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்று காலுறை மாதிரி தைக்கப்பட்டிருக்கும். கோர்டெக்ஸ் இதில் பிரபலம். 1969ல் பாப் கோர் டெஃப்ளான் வகைப் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தபோது கிடைத்த பொருள் அது. அதிலுள்ள நுண்துளை நீர்த்துளியைவிட மிகச் சிறியது, நீராவியைவிடப் பெரியது. எனவே மழை உள்ளே வராது, வியர்வை ஆவியாக வெளியே போகும் என்பது கணக்கு.

கணக்கு சரிதான். ஆனால் ஆவி தானாக வெளியே போகாது. உள்ளே சூடும் ஈரமும் அதிகமாக, வெளியே குளிரும் வறட்சியுமாக இருந்தால்தான் அது வெளியே தள்ளப்படும். ஸ்காட்லாந்தில் ஐந்து டிகிரியில் இது நடக்கும். மாஞ்சோலையில் ஜூன் மாதம், காற்றிலேயே தண்ணீர் நிற்கும்போது, வியர்வை எங்கே போகும்? உள்ளேயே கிடக்கும். மழையில் நனையாத கால் சொந்த வியர்வையில் ஊறும்.

அடுத்தது, தண்ணீர் துணி வழியாக மட்டுமா வருகிறது? கணுக்கால் வாயைப் பாருங்கள். முழங்கால் அளவு ஈரப்புல்லில் அரை மணி நேரம் நடந்தால் பேன்ட் நனைந்து, சாக்ஸ் நனைந்து, திரி மாதிரி தண்ணீர் உள்ளே இறங்கும். ஓடையில் ஒரு கால் வழுக்கினால் ஒரே நொடியில் பூட்ஸ் நிறைந்துவிடும். இப்போது அந்தச் சவ்வு, வெளியிலிருந்து வராமல் தடுத்த அதே ஒழுங்கோடு, உள்ளே இருப்பதை வெளியே விடாமல் தடுக்கும். வால்பாறைப் பக்கம் ஓர் ஓடைக் கரையில் உட்கார்ந்து நான் பூட்ஸைக் கவிழ்த்தபோது ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியது. கூட வந்தவர் சாதாரண துணி பூட்ஸ் போட்டிருந்தார். அவரும் அதே ஓடையில்தான் காலை விட்டார். நான் சாக்ஸைப் பிழிந்து முடிப்பதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டார். நாலு அடி வைத்தாலே அவர் பூட்ஸிலிருந்து தண்ணீர் பீய்ச்சி வெளியே வந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் அவருக்கு வெறும் ஈரம்தான் மிச்சம். எனக்கு மறுநாள் காலை வரை சொதசொதப்பு.

வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவம் கொடுத்த காட்டு பூட்ஸைப் பாருங்கள். மேலே துணி, பாதத்தின் உள்பக்கம் சோலுக்குச் சற்று மேலே இரண்டு ஓட்டை, தண்ணீர் வெளியே போவதற்கு. நனையாமல் இருப்பது நடக்காது, வடிந்தால் போதும் என்று முடிவு கட்டியவர்கள் செய்தது அது.

ஆகவே மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இலங்கை மலையகத்துக்கும் என் ஓட்டு, சவ்வு இல்லாத, சீக்கிரம் காய்கிற துணி பூட்ஸுக்குத்தான். எடையும் குறைவு, விலையும் குறைவு. பனி மிதிக்கப் போகிறீர்கள் என்றால் பேச்சு வேறு. அதற்குக் கீழே பதில் இருக்கிறது.

கணுக்காலை மூடும் உயரம் வேண்டுமா? குட்டை ஷூ போதாதா?

"உயரமான பூட்ஸ் போட்டால் கால் பிசகாது" என்று எல்லோரும் சொல்வார்கள். 1993ல் கூடைப்பந்து ஆடும் அறுநூற்றுச் சொச்சம் கல்லூரி மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. உயர ஷூ போட்டவர்களுக்கும் குட்டை ஷூ போட்டவர்களுக்கும் கணுக்கால் சுளுக்கில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கூடைப்பந்துத் தரை வேறு, மலை வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மெத்தென்ற துணிக் கழுத்து உங்கள் எடையைத் தாங்கிப் பிடிக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். பிசகாமல் காப்பாற்றுவது காலின் பலமும் கைத்தடியும்தான்.

இருந்தாலும் நான் உயரமானதைத்தான் போடுகிறேன். காரணம் வேறு. உருண்டு வரும் கல் கணுக்கால் எலும்பில் பட்டால் கண்ணில் பூச்சி பறக்கும், அந்தத் திண்டு அதைத் தாங்கும். முள் கீறாது. சேறு, சரளை சட்டென்று உள்ளே வராது. அட்டைக்கு இன்னும் நாலு விரல் உயரம் ஏறவேண்டிய வேலை. ஒருநாள் நடை, சின்னப் பை, நல்ல பாதை என்றால் குட்டை ஷூ தாராளமாகப் போதும்.

சைஸ் எப்படிப் பார்ப்பது? நான் எப்போதும் எட்டுதான்.

ஆபீஸ் ஷூவில் எட்டு என்பது மலையில் எட்டு ஆகாது. இந்த ஒரு விஷயத்தில் தப்புப் பண்ணினால் மற்றதெல்லாம் வீண். ஐயாயிரம் ரூபாய் பூட்ஸைவிட, அளவு சரியான ஆயிரத்தைந்நூறு ரூபாய் பூட்ஸ் மேல்.

சாயங்காலம் கடைக்குப் போங்கள். பகல் முழுக்க நின்று நடந்து வீங்கிய கால்தான் மலையில் நடக்கப்போகிற கால். நடைக்குப் போடப்போகும் அதே சாக்ஸைக் கையோடு எடுத்துப் போங்கள். கடையில் தரும் மெல்லிய சாக்ஸில் போட்டுப் பார்த்தால் அரை சைஸ் ஏமாறுவீர்கள்.

லேஸ் கட்டாமல் காலை நுழைத்து, விரல் முன்னால் முட்டும் வரை தள்ளுங்கள். இப்போது குதிகாலுக்குப் பின்னால் உங்கள் ஆள்காட்டி விரல் சிக்கென்று நுழையவேண்டும். நுழையவில்லை என்றால் சிறிது. இரண்டு விரல் போனால் பெரிது. பிறகு குதிகாலைப் பின்னால் தட்டி உட்காரவைத்து லேஸ் கட்டுங்கள். விரல்களை உள்ளே பியானோ வாசிப்பது மாதிரி ஆட்ட முடியவேண்டும். நடந்தால் குதிகால் எழும்பக் கூடாது.

கடையில் சாய்வுப் பலகை இருந்தால் கீழ்நோக்கி நின்று குதித்துப் பாருங்கள். இல்லையென்றால் மாடிப்படியில் இறங்குங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. ஏறும்போது எந்த ஷூவும் நல்ல ஷூதான். இறங்கும்போது பெருவிரல் முன்னால் இடித்தால், மூன்றாவது கிலோமீட்டரில் நகம் கன்றும், ஒரு வாரத்தில் கறுக்கும், ஒரு மாதத்தில் கழன்று கையில் வரும். என் வலது பெருவிரல் நகம் இரண்டு தடவை போய் முளைத்தது.

நீளம் சரியாக இருந்தும் பக்கத்தில் நெரிக்கிறதா? நம் கால் அப்படித்தான். சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021-22ல் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதத்தை அளந்தது. இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதத்தைவிட அகலம் என்று அதில் தெரிந்தது. அதை வைத்து "பா" என்ற பெயரில் இந்தியாவுக்கென்றே ஒரு சைஸ் முறையைப் பரிந்துரைத்தார்கள். செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த கால் முன்பக்கம் விசிறி மாதிரி விரிந்திருக்கும். அகலம் போதவில்லை என்றால் ஒரு சைஸ் கூட எடுத்துச் சமாளிக்காதீர்கள். குதிகால் உள்ளே ஆடி, அங்கே கொப்புளம் வரும். வேறு மாடல், வேறு பிராண்ட் பாருங்கள். "போடப் போட விரியும்" என்று கடைக்காரர் சொன்னால், தோல் விரியும், நைலான் விரியாது.

பெண்களுக்குத் தனி மாடல் அவசியமா?

பெண்கள் மாடலில் பொதுவாகக் குதிகால் பக்கம் குறுகலாக இருக்கும். அது பொருந்தினால் அது, ஆண்கள் மாடல் பொருந்தினால் அது. நிறத்தையும் பெயரையும் பார்க்க வேண்டாம்.

கையில் எடுத்ததும் வேறு என்ன பார்க்கவேண்டும்?

பூட்ஸின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிடித்து மடக்குங்கள். விரல்கள் மடங்குகிற இடத்தில்தான் மடங்கவேண்டும். நட்ட நடுவில் மடங்கினால் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். ஈரத்துணியைப் பிழிவது மாதிரி முறுக்குங்கள். கொஞ்சம் எதிர்க்கவேண்டும். துவண்டு போனால் கல் மேல் நடக்கும்போது ஒவ்வொரு கல்லும் உள்ளங்காலுக்குத் தெரியும், பை கனமாக இருந்தால் பாத வில்லில் வலி எடுக்கும்.

குதிகால் சுவரைக் கட்டைவிரலால் அமுக்குங்கள், உள்ளே குழியக் கூடாது. உள்ளே பாதம் பதிகிற மெத்தையான இன்சோலை வெளியே உருவிப் பாருங்கள். கழற்ற முடியாமல் ஒட்டியிருந்தால், நனைந்தபின் காயவைப்பது சிரமம். கடைசியாக, ஷூவின் நாக்கு. அது இரண்டு பக்கமும் துணியால் மேல்பாகத்தோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறதா? தனியாகத் தொங்கினால் குப்பை, தண்ணீர், அட்டை எல்லாவற்றுக்கும் அதுதான் வாசல்.

சோலில் எது முக்கியம்? பற்கள் ஆழமாக இருந்தால் வழுக்காதா?

பல் சேற்றுக்கும் மண்ணுக்கும்தான். நாலைந்து மில்லிமீட்டர் ஆழமும், சேறு உதிர்வதற்கு இடைவெளியும் இருந்தால் போதும். ஈரப் பாறையில் பல் எதுவும் செய்யாது. அங்கே பிடிப்பது ரப்பரின் மென்மை. நகத்தால் அழுத்திப் பாருங்கள். பிளாஸ்டிக் மாதிரி கடினமாக, பளபளவென்று இருந்தால், அது வருஷக்கணக்கில் தேயாது, ஆனால் உங்களைத் தேய்த்துவிடும். மென்மையான ரப்பர் சீக்கிரம் தேயும். இரண்டில் தேய்கிறதையே எடுங்கள்.

சோலில் மஞ்சள் எண்கோணத்தில் விப்ரம் என்று இருந்தால் அதற்கு ஒரு கதை உண்டு. 1935ல் ஆல்ப்ஸ் மலையில் ஆறு நண்பர்களைப் பறிகொடுத்த இத்தாலிய மலையேறி விட்டாலே பிரமானி, பாறையிலும் பனியிலும் பிடிக்கிற ரப்பர் சோலைச் செய்தே தீருவது என்று இறங்கினார். 1937ல் பிரெல்லி டயர் நிறுவனத்தின் உதவியோடு அது வந்தது. அவர் பெயரின் முதல் எழுத்துகள்தான் விப்ரம். 1954ல் கே2 சிகரத்தை முதன்முதலில் தொட்ட இத்தாலியர்கள் காலிலும் அந்த சோல்தான். ஆனாலும் ஒன்று. பச்சைப்பாசி பிடித்த பாறையில் எந்த ரப்பரும் பிடிக்காது. உட்கார்ந்து இறங்குவதில் வெட்கமில்லை.

அட்டைக்கு எந்த பூட்ஸ் நல்லது?

அட்டையை நிறுத்தும் பூட்ஸ் இன்னும் வரவில்லை. வால்பாறை, டாப்ஸ்லிப், மாஞ்சோலை, இலங்கையில் நக்கிள்ஸ், சிங்கராஜா என்று எங்கே போனாலும், லேஸ் ஓட்டை வழியாக, நாக்கு ஓரமாக, கழுத்து வழியாக அது வரும்.

அட்டை சாக்ஸ் வாங்குங்கள். நெருக்கமான பருத்தித் துணியில் தைத்து முழங்காலுக்குக் கீழே நாடா கட்டும் பை மாதிரி இருக்கும். சாதா சாக்ஸுக்கு மேல், பூட்ஸுக்கு உள்ளே போடவேண்டும். கிடைக்கவில்லை என்றால் காடாத் துணி வாங்கி உள்ளூர் தையல்காரரிடம் கொடுத்தால் அரை மணி நேர வேலை. இதற்காகவும் பூட்ஸ் சைஸ் பார்க்கும்போது கொஞ்சம் இடம் விடுங்கள். பூட்ஸ் மேல் வேப்பெண்ணெயில் குழைத்த மூக்குப்பொடி தடவுவது எஸ்டேட் ஆட்கள் கைப்பழக்கம். மழையில் கரையும், திரும்பத் தடவவேண்டும். இன்னொன்று, கைத்தடியின் நுனியில் கட்டிய உப்பு முடிச்சு. ஏறுகிற அட்டை மேல் ஈரமாக ஒரு தொடு, சுருண்டு விழுந்துவிடும்.

கடித்துவிட்டால் பிய்த்து எறியாதீர்கள். நகத்தை அதன் வாய்க்குப் பக்கத்தில் வைத்து வழித்து எடுங்கள். அட்டை எச்சிலில் ரத்தம் உறையவிடாத பொருள் இருப்பதால் கொஞ்ச நேரம் கசியும். பயப்பட ஒன்றுமில்லை. ஓரிடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே இருப்பது பாதி வைத்தியம்.

பாம்புக்கு?

துணி பூட்ஸ் கவசம் இல்லை. உயரமான பூட்ஸும் தொளதொள பேன்ட்டும் வெறுங்காலைவிட மேல், அவ்வளவுதான். காலை வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள், இருட்டினால் டார்ச் இல்லாமல் அசையாதீர்கள்.

எந்த சாக்ஸ்?

பருத்தி வேண்டாம். வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு தோலை ஊறவைக்கும், ஊறிய தோல்தான் உரிந்து கொப்புளமாகும். கம்பளி கலந்ததோ, விளையாட்டுக்கான நைலான் கலப்போ எடுங்கள். "இந்த வெயிலில் கம்பளியா?" என்று சிரிக்காதீர்கள். மெல்லிய மெரினோ கம்பளி சாக்ஸ் நனைந்தாலும் கசகசக்காது, மூன்று நாள் போட்டாலும் டென்ட்டில் இருக்கிறவர்கள் உங்களோடு பேசுவார்கள்.

புது பூட்ஸைப் பழக்கவேண்டுமா?

தோல் மாதிரி மாதக்கணக்கில் வேண்டாம். இரண்டு வாரம் கடைக்கு, நடைப்பயிற்சிக்கு, மொட்டைமாடிப் படிக்கட்டுக்குப் போட்டு நடந்தால் போதும். பழக்குவது பூட்ஸை இல்லை, காலை. எந்த இடம் உரசுகிறது என்று வீட்டருகிலேயே தெரிந்துவிடும், அங்கே முன்கூட்டியே டேப் ஒட்டலாம். புது பூட்ஸை மலையடிவாரத்தில் பெட்டி பிரிக்கிறவர்களைப் பார்த்தாலே எனக்குக் கால் வலிக்கும்.

லேஸ் கட்டுவதில் என்ன இருக்கிறது?

இறக்கத்தில் விரல் இடிப்பதைப் பாதி குறைப்பது லேஸ்தான். முன்பாதத்தில் தளர்வாக விடுங்கள். கணுக்கால் மடிகிற இடம் வந்ததும், லேஸ் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு முறை முறுக்கி இழுங்கள். ஒரு முறுக்கு நழுவும், இரண்டு முறுக்கு நிற்கும். குதிகால் இப்போது பின்னால் ஒட்டி உட்கார்ந்திருக்கும். அதற்கு மேலே உள்ள கொக்கிகளில் சுமாராக இறுக்கினால் போதும். ஏறும்போது மேல் கொக்கியைத் தளர்த்துவேன், இறக்கம் தொடங்கும் முன் நின்று மறுபடி கட்டுவேன். ஒரு நிமிஷ வேலை.

கனமான பையோடு துணி பூட்ஸ் தாங்குமா?

தண்ணீர், டென்ட் எல்லாம் சேர்த்து பன்னிரண்டு, பதினைந்து கிலோ வரை நல்ல துணி பூட்ஸ் தாங்கும், மேலே சொன்ன முறுக்குச் சோதனையில் தேறியிருந்தால். அதற்கு மேல் தூக்குகிறீர்கள் என்றால், முதலில் பையைப் பிரித்துப் பாருங்கள்.

சாதாரண ரன்னிங் ஷூ போட்டுப் போனால்?

பல பாதைகளுக்குப் போதும். வனத்துறை 2024ல் தொடங்கிய "ட்ரெக் தமிழ்நாடு" திட்டத்தில் உள்ள 40 பாதைகளில் எளிது என்று குறித்தவற்றுக்கு பூட்ஸே தேவையில்லை. இலங்கையின் சிவனொளிபாதமலை 2243 மீட்டர்தான், பெரும்பாலும் படிக்கட்டு. அங்கே எடை குறைந்த ஷூவே சுகம். கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் இடையே தேயிலைத் தோட்டங்கள் வழியே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போகும் பீக்கோ பாதையிலும் பெரும்பகுதி தோட்டத்து வண்டிப்பாதைதான். ஆனால் ரன்னிங் ஷூவின் சோல் வழவழப்பானது, நுரை தடித்தது. சாய்வான சரளையில் அது பக்கவாட்டில் சரியும்.

காட்டில் நமக்கு வழிகாட்டி வரும் வேட்டைத் தடுப்புக் காவலரோ ரப்பர் செருப்போடு முன்னால் போய்க்கொண்டிருப்பார், அதுவும் கையில் நம் பையோடு. அதைப் பார்த்து நாமும் செருப்பு போடக் கூடாது. அவர் கால் வேறு.

வெள்ளியங்கிரிக்கு எது போடலாம்?

ஏழு மலையும் வெறுங்காலில் ஏறுகிறவர்கள்தான் அதிகம். அந்த வழக்கத்தில் போகிறவருக்கு இந்தப் பக்கம் உதவாது. அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கிக்கொள்ளுங்கள், இறங்கும்போது அது மூன்றாவது கால்.

இமயமலைக்கும் இதே பூட்ஸ் போதுமா?

பனி இல்லாத காலத்தில் போதும். சந்தக்பூ 3636 மீட்டர், எவரெஸ்ட் அடிவார முகாம் 5364 மீட்டர். அக்டோபரிலோ ஏப்ரலிலோ உயரமான துணி பூட்ஸோடு நிறையப் பேர் போய் வருகிறார்கள். டிசம்பர், ஜனவரியில் உத்தரகாண்டின் கேதார்காந்தா சிகரத்துக்குப் போகிறீர்கள் என்றால், முன்னே நான் திட்டிய வாட்டர்ப்ரூஃப் சவ்வு அங்கே கட்டாயம். வெளியே குளிர் என்பதால் அது வேலையும் செய்யும். பூட்ஸ் வாய்க்குள் பனி போகாமல் இருக்க முழங்கால் வரை கெய்ட்டர் என்கிற துணி உறை, சோலில் மாட்ட இரும்புப் பல் சங்கிலி. இவை இரண்டும் அங்கே வாடகைக்குக் கிடைக்கும், வாங்க வேண்டாம். தடித்த சாக்ஸுக்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இறுக்கமான பூட்ஸில் ரத்த ஓட்டம் குறைந்து, கால் இன்னும் சில்லிடும்.

நனைந்த பூட்ஸை எப்படிக் காயவைப்பது?

இன்சோலை உருவுங்கள், லேஸைத் தளர்த்தி நாக்கை வெளியே இழுங்கள், நாளிதழைக் கசக்கி உள்ளே திணியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள். நிழலில், காற்றோட்டத்தில் வையுங்கள். கேம்ப் நெருப்புப் பக்கத்தில் வைக்கவே கூடாது. சோலை ஒட்டிய பசை இளகும், நைலான் சுருங்கும். வண்டிக்குள் மூடிய கண்ணாடிக்குப் பின்னால் வைப்பதும் நெருப்புக்குச் சமம். வாஷிங் மெஷினும் வேண்டாம். பழைய பல் துலக்கும் பிரஷ், கொஞ்சம் சோப்பு போதும்.

ஆசையாக வாங்கிய பூட்ஸ், அஞ்சு வருஷமாகப் பெட்டியிலேயே இருக்கிறது. இப்போது போடலாமா?

போடுமுன் சோலை நன்றாக அமுக்கி, வளைத்துப் பாருங்கள். நடு அடுக்கு பாலியூரிதேன் நுரையாக இருந்தால், காற்றின் ஈரம் அதை மெல்ல மெல்ல உடைக்கும். போடாமல் வைத்தால் வராது என்று நினைக்கிறோம். ஆனால் பெட்டிக்குள் புழுக்கத்தில் கிடந்தாலும் அது நடக்கும்.

எனக்கு நேர்ந்தது மேகமலைப் பக்கம். "நல்ல பூட்ஸ், சும்மா போட்டுத் தேய்க்கக் கூடாது" என்று ஆறு வருஷம் பத்திரமாக வைத்திருந்தேன். நடை தொடங்கி இரண்டாவது கிலோமீட்டரில் பின்னால் ஏதோ பட்பட்டென்று அடித்தது. திரும்பிப் பார்த்தால் வலது சோல் குதிகாலிலிருந்து பிரிந்து வாய் பிளந்திருக்கிறது. நுரையைத் தொட்டால் நனைந்த ரஸ்க் மாதிரி உதிர்கிறது. இடதும் அரை மணி நேரத்தில் அதே வழி. டென்ட் கயிற்றைப் பாதத்தைச் சுற்றிக் கட்டி, ஒன்பது கிலோமீட்டர் நடந்து முடித்தேன். ஊருக்கு வந்து செருப்பு தைக்கும் அண்ணனிடம் கொடுத்தால், தூக்கிப் பார்த்துவிட்டு, "சொல்யூஷன் எதுல ஒட்டும்? ஒட்டுறதுக்கு அங்க சோலே இல்லையே தம்பி" என்றார். ஈ.வி.ஏ. நுரை இப்படி உதிராது, நாளாக ஆக அமுங்கி மெலியும். எதுவானாலும் வாங்கியதைப் போட்டு நடங்கள். சில்லறை வெடிப்பு தெரிந்தால் மலைக்கு அது வேண்டாம்.

எவ்வளவு செலவு செய்யலாம்? எத்தனை நாள் வரும்?

மூவாயிரத்திலிருந்து ஆறாயிரம் ரூபாய்க்குள் நம் தேவைக்கு நல்ல துணி பூட்ஸ் கிடைக்கிறது. இறக்குமதி மாடல்கள் பத்தாயிரத்தைத் தாண்டும். டெகாத்லானில் என்.எச். என்று தொடங்குபவை சமமான காட்டுப்பாதைக்கு, எம்.எச். என்று தொடங்குபவை மலைக்கு. முதல் ஜோடியை அங்கே போட்டுப் பார்த்து வாங்குவது சுலபம், கடைக்குள் எவ்வளவு நேரம் நடந்தாலும் யாரும் கேட்பதில்லை. ஆன்லைனில் வாங்குவது இரண்டாவது ஜோடிக்கு, அதே மாடல், அதே சைஸ் என்றால் மட்டும்.

உழைப்பு உங்கள் எடையையும் பாதையையும் பொறுத்தது. என் ஜோடிகள் ஆயிரம் கிலோமீட்டரை ஒட்டிக் கைவிடும். முதலில் போவது துணி இல்லை, பெருவிரல் மடிகிற இடத்துத் தையல். ஊருக்குத் திரும்பியதும் அதைப் பாருங்கள். நூல் விட ஆரம்பித்தபோதே தைத்துவிட்டால் இன்னொரு வருஷம் ஓடும். சோல் தேய்ந்தால் மாற்றுவது பெரும்பாலான துணி பூட்ஸில் நடக்காது, அவை ஒட்டியவை.

பூட்ஸுக்காகப் பையில் என்ன எடுத்துப் போகவேண்டும்?

ஒரு ஜோடி லேஸ், ஒரு ஜோடி காய்ந்த சாக்ஸ் பிளாஸ்டிக் கவரில் கட்டி, கொப்புளத்துக்கு ஒரு சுருள் டேப், மூன்று மீட்டர் மெல்லிய கயிறு. ஏன் கயிறு என்று மேலே சொல்லிவிட்டேன். கேம்ப்பில் போட ஒரு ரப்பர் செருப்பு. பழைய நாளிதழ் நாலைந்து தாள். ராசிபலன் பக்கத்தை மட்டும் யாராவது படிப்பதற்கு முன் திணித்துவிடாதீர்கள், எங்கள் குழுவில் அதற்குச் சண்டையே நடந்திருக்கிறது.